நீதிபதி போட்ட பகடை

என் அண்ணனை இந்தத் தெருவில் எல்லோரும் 'நீதிபதி' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு, வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ஒருமுறை அபராதம் கட்டப் போனதோடு சரி. அவன் நடத்துவது ஹாபி கடை. கார்டு விளையாட்டுகள், விதவிதமான பகடைகள், கட்டைவிரல் உயரத்தில் பொம்மைப் போர்வீரர்கள், அவர்களுக்கு மீசை வரைவதற்கென்றே தனி பிரஷ், எல்லாம் கிடைக்கும். வாங்குகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து விளையாடுவார்கள். விளையாடினால் சண்டை வரும். சண்டை வந்தால் இவன் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தீர்ப்புச் சொல்வான். அப்படி வந்த பட்டம் அது.

நான் இந்த நீதிபதியின் தங்கை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒத்துவராமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்த நாளிலிருந்து கடையின் கல்லா என் பொறுப்பு. எனக்கு ஒரு விளையாட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆண்பிள்ளைகளுக்கு முடி நரைக்கிறது, தொந்தி விழுகிறது, வயது மட்டும் ஏறுவதே இல்லை.

கடை இருக்கும் இடம் முன்பு செருப்புக் கடையாக இருந்தது. நீளமான, குறுகலான ஒரே அறை. செருப்பு அடுக்கிய தட்டுகளில் இப்போது விளையாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. காலைப் பார்த்துக்கொள்வதற்காகச் சுவரின் அடியில் சாய்த்துப் பதித்த கண்ணாடியைப் பெயர்த்தெடுக்க யாருக்கும் நேரம் வரவில்லை. அதனால் மேஜையில் ராஜ்ஜியமே கவிழ்ந்துகொண்டிருக்கும்போது, கீழே யார் கால் நடுங்குகிறது என்பது எனக்குக் கல்லாவிலிருந்தே தெரியும். வேறு எந்தப் பொழுதுபோக்கும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

இந்தக் கடைக்கு முன்னால் அண்ணன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தான். எடை அளவு சரிபார்க்கும் இலாகா. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது வேலை. அதில் எல்லோரும் எப்படிப் பிழைப்பார்களோ அப்படிப் பிழைத்திருந்தால் இன்றைக்கு மாடி வீடு கட்டியிருப்பான். இவனோ, மேலதிகாரியின் மைத்துனர் கடைக்குள் போய், அந்தத் தராசு கொஞ்சம் சாய்கிறது என்று கண்டுபிடித்துச் சீல் வைத்துவிட்டு வந்தான். அப்புறம் என்ன, பந்தாடினார்கள். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவு, அங்கிருந்து பழைய தராசுகள் குவிந்து கிடக்கும் கிடங்கு. அங்கே பேச்சுத் துணைக்குத் துருப்பிடித்த எடைக்கற்கள்தான். கடைசியில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "கார்டு கேம் கடை வைக்கப் போறேன்" என்றான். அம்மா அப்போது உயிரோடு இருந்தார். யாராவது கேட்டால், "பையன் சீட்டுக் கடை வச்சிருக்கான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். கேட்டவர்கள் சூதாட்ட விடுதி என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண் கொடுப்பதாக இருந்த ஒன்றிரண்டு பேரும் அத்துடன் காணாமல் போனார்கள்.

புது விளையாட்டு வந்து இறங்கும் நாளில் எங்கள் கடையை நீங்கள் பார்க்க வேண்டும். பெட்டியின் மேலே உள்ள டேப்பைக் கத்தியால் கிழிக்கும்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். மூடியைத் திறந்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து புதுக் கார்டின் வாசனையை இழுப்பார்கள். அப்புறம் விதிப் புத்தகத்தை அண்ணன் சத்தமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பான். படித்து முடிக்காமல் ஒருவரும் கார்டைத் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம். 'சிறு குழந்தைகள் விழுங்கிவிடக் கூடும், கவனம்' என்ற வரியைக்கூட விடமாட்டான். ஊருக்கே பல் பிடுங்குகிற டாக்டர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அதையும் கேட்டுத் தலையாட்டுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சனிக்கிழமை மதியம் ஒன்று நடக்கும். ரோல்பிளே என்று பேர். அதில் கார்டும் கிடையாது, காயும் கிடையாது. வெறும் வாய். ஆளுக்கொரு வேடம். மேற்படி பல் டாக்டர் கோடரி வைத்திருக்கும் போர்வீரன். வாரம் முழுக்கப் பாதி மாடியில் நின்றுபோன லிப்டுக்குள் தொங்குகிற மெக்கானிக் ஒருவர், சனிக்கிழமையானால் பறக்கிற மந்திரவாதி. கதையை நடத்துகிறவன் அண்ணன். ராஜா, அரக்கன், சத்திரக்காரன், சுங்கச்சாவடிக் காவலன் என்று மிச்சம் இருக்கிற எல்லோரும் அவனே. ஒருவர் சுவர் ஏறிக் குதிக்க வேண்டுமா, அரக்கனை ஏமாற்ற வேண்டுமா, இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. இதற்கு நாலு மணி நேரம், இடையில் இரண்டு தடவை டீ. டீ போடுவது யார் என்று கேட்காதீர்கள்.

அரக்கனாக இருந்தால் அண்ணன் அரை மணி நேரம் முழங்குவான். ராஜாவாக இருந்தால் கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி பேசுவான். தானாக இருக்கும்போது மட்டும் அவனுக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. இன்றைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் பேய் அறைந்தவன் மாதிரி விழிப்பான். பிறகு சட்டைப் பையிலிருந்து பகடையை எடுப்பான். "பத்துக்கு மேல விழுந்தா சப்பாத்தி" என்பான். பாத்திரம் யார் தேய்ப்பது, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, எந்தப் புது விளையாட்டை வரவழைப்பது, எல்லாமே எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவாகும். விழுந்தது விழுந்ததுதான். மறுபடி உருட்டுகிற பேச்சே கிடையாது. எனக்கே ஒரு வாரம் தொடர்ந்து பாத்திரம் தேய்க்கிற யோகம் அடித்தபோதுகூட, "பகடைக்கு யார் தங்கச்சின்னு தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான் அந்த உத்தமன்.

பகடை விஷயத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. சில சமயம் அது உருண்டு போய்ப் புத்தகத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றுவிடும். விழுந்த எண் செல்லுமா செல்லாதா என்று சண்டை வரும். அதற்கு ஒரு சோதனை. சாய்ந்த பகடையின் தலைமேல் இன்னொரு பகடையை மெதுவாக வைக்க வேண்டும். மேலே உள்ளது நின்றால் செல்லும். சறுக்கினால் செல்லாது, மறுபடி உருட்டலாம். தராசு பார்த்த கை அல்லவா, இந்தச் சோதனையை அண்ணன் செய்யும்போது கடையே அமைதியாகிவிடும். ஒருமுறை எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து ஆசையாக விளையாடினார். அவருக்குப் பெரிய எண்தான் விழுந்தது, ஆனால் பகடை சாய்ந்திருந்தது. சாதகமாகத் தீர்ப்புச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இவன் சோதித்தான், சறுக்கியது, செல்லாது என்றான். அன்றிலிருந்து பின்பக்கக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட மேதாவிக்குத்தான் கண்ணாடி மேடத்தின்மேல் மனசு போனது.

கண்ணாடி மேடம் எதிர்வரிசை மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்ப்பவர். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவரைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டார். அம்மா போனபின் தனி ஆள். கூட வேலை செய்கிறவரின் பிள்ளைக்குப் பரிசு வாங்க ஒருநாள் எங்கள் கடைக்குள் வந்தார். அது புது விளையாட்டு இறங்கிய நாள். அண்ணன் விதி படித்துக்கொண்டிருந்தான். அவர் நின்று, கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு, "பத்தாவது பக்கத்துல சொன்னதும் கடைசிப் பக்கத்துல சொன்னதும் இடிக்குதே?" என்றார். அண்ணன் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தான். இடித்தது. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஊரில் மற்றவர்கள் கண்ணையும் மூக்கையும் பார்த்து மயங்குவார்கள், இவன் பத்தாவது பக்கத்தில் விழுந்தான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் ரோல்பிளே மேஜையில். வேடம் என்ன தெரியுமா? பூட்டுத் திறக்கும் திருடி. வாரம் முழுக்க, "மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா" என்று பூப்போலப் பேசுகிறவர், சனிக்கிழமை மதியம் ராஜாவின் கஜானாவையே வழித்தெடுத்தார். ஆனால் அண்ணன் சத்திரக்காரனாக வருகிற இடத்தில் மட்டும் அவருடைய திருடி ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டாள். ஏன் என்று பல் டாக்டரே ஒருநாள் கேட்டுவிட்டார். "அவன் பாவம், நல்ல மனுஷன்" என்றார் மேடம். அண்ணன் காது சிவந்தது. கீழே சுவர்க் கண்ணாடியில் அவன் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அவனுடைய பங்குக்கு அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். கண் பரிசோதனைக்குப் போனான். திரும்பவும் போனான். மறுபடியும் போனான். கழுகுப் பார்வை அவனுக்கு, ஒரு குறையும் இல்லை. "பார்வையில எதுவும் மாறலையே சார்" என்று அவர் சொன்னால், "ஒரு தடவை செக் பண்ணிடலாம்னு..." என்று இழுப்பான். அவருடைய முகத்துக்கு நேரே உட்கார்ந்து எழுத்துகளை வாசிப்பதோடு இவனுடைய காதல் பேச்சு முடிந்துவிடும். வருஷங்கள் இப்படியே ஓடின. நான் ஜாடையாகச் சொன்னேன், நேராகச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டும் சொன்னேன். "சமயம் வரட்டும்" என்பான். சமயம் என்ன, பஸ்ஸா, நின்று ஏற்றிக்கொண்டு போக?

அந்த பஸ்ஸும் வந்தது, எதிர்த்திசையில். மூக்குக்கண்ணாடிக் கம்பெனி தொலைவில் இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. மேடத்தை அங்கே பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார்கள். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, எல்லோரும் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்.

"திங்கக்கிழமை பதில் சொல்லணும். போனா நல்ல பதவி. போகாட்டியும் இப்ப இருக்கிற வேலைக்கு ஒண்ணும் குறைவில்ல" என்றார். பிறகு எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனை மட்டும் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

நான் டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பொம்பளை இதைவிடப் பச்சையாக எப்படிக் கேட்பாள்? லிப்ட் மெக்கானிக் கீழே குனிந்து அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். எல்லோருக்கும் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்தது, அதுதான் வேடிக்கை. அவன் முகம் வெளுத்தது. வாய் திறந்தது, மூடியது. சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று எனக்குள் நான் கத்துகிறேன்.

அவன் கை சட்டைப் பைக்குள் போனது.

"போட்டுப் பாத்துடலாமா?" என்றான்.

கண்ணாடி மேடம் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தார். "சரி. நீங்களே போடுங்க" என்றார்.

"பத்துக்கு மேல விழுந்தா இருங்க. பத்தோ அதுக்குக் கீழயோ விழுந்தா போங்க." அந்த நேரத்திலும் பத்து எந்தப் பக்கம் சேர்த்தி என்று தெளிவாகச் சொன்னான் பாருங்கள், அதற்கு ஒரு மாலை போட வேண்டும்.

உருட்டினான். பகடை மேஜையில் ஓடி, விதிப் புத்தகத்தில் முட்டி, திரும்பி, நின்றது. மேலே நாலு. ஆனால் நேராக நிற்கவில்லை. புத்தகத்தின் விளிம்பில் லேசாகச் சாய்ந்திருந்தது.

லிப்ட் மெக்கானிக் பாய்ந்து எழுந்தார். "சார், சாய்ஞ்சிருக்கு! செல்லாது சார், மறுபடி போடுங்க!" என்றார்.

"நல்லா சாய்ஞ்சிருக்கு. நான் இங்கிருந்தே பாக்கறேன்" என்றார் பல் டாக்டர்.

"ஆமா, சாய்ஞ்சிருக்கு" என்று நானும் கத்தினேன். பகடையைப் பற்றி நான் வாய் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வேறு எவனாக இருந்தாலும் என்ன செய்வான்? ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி உருட்டுவான். என் அண்ணன் குனிந்தான். இன்னொரு பகடையை எடுத்தான். இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சாய்ந்த பகடையின் தலைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். மேலே வைத்தது நின்றது. பாவி, அத்தனை ஜாக்கிரதையாக வைத்தால் நிற்காமல் என்ன செய்யும்?

"செல்லும்" என்றான், தீர்ப்புச் சொல்கிற குரலில். "நாலு. போகணும்னு வருது."

"சரிங்க" என்றார் மேடம். தன்னுடைய பகடைகளைப் பைக்குள் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மற்றவர்களும் கிளம்பிய பிறகு நான் ஆரம்பித்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. "அந்தப் பொண்ணு வாய்விட்டுக் கேக்குது, நீ சோழி உருட்டறியா? உனக்கு மூளை இருக்கிற எடத்துல என்ன இருக்கு? அதுக்கும் ஒரு டைஸ் போட்டுப் பாரேன்" என்று ஆரம்பித்து அங்கிருந்து மேலே போனேன். அவன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான். ஒரே பெட்டியை இறக்கி, ஏற்றி, இறக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நானே போய் அவங்ககிட்ட பேசறேன்" என்றேன்.

"வேண்டாம்மா" என்றான். "அவங்களுக்கு நல்ல பதவி வருது. நான் போகாதீங்கன்னு சொல்லி, அவங்க எனக்காக இருந்துட்டாங்கன்னா? நாளைக்கு நான் லாயக்கில்லாதவன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? நிறுக்கும்போது தட்டுல விரல் வைக்கக் கூடாது. அது தப்பு."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இத்தனை நாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, இவன் தன்னை எவ்வளவு கம்மியாக எடை போட்டு வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. "அண்ணா, அது தராசுண்ணா. இது உன் வாழ்க்கை. இதுல நீ விரல் வைக்காம வேற எவன் வந்து வைப்பான்?" என்றேன். ஆனாலும் அவன் வேண்டாம் என்று சொன்னதால் நான் போகவில்லை. திங்கட்கிழமை எதிர்வரிசையில் அந்தக் கடையின் ஷட்டர் ஏறியபோது இருவரும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் கடை நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கார்டு கேட்டவருக்கு பெயின்ட் கொடுத்தான். இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரு கார்டின் அர்த்தத்துக்காகக் குடுமிப்பிடி சண்டை போட்டுக்கொண்டு தீர்ப்புக்கு வந்தால், "ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றான். அவர்கள் பயந்துபோய்ச் சமாதானமாகிவிட்டார்கள். புது விளையாட்டு ஒன்று வந்து இறங்கியது. டேப்பைக்கூடக் கிழிக்காமல் மூலையில் வைத்தான். ராத்திரிச் சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். திட்டினால் வலிக்கிற நிலையில் அவன் இல்லை.

சனிக்கிழமை வந்தது. பல் டாக்டரும் மெக்கானிக்கும் நேரத்துக்கு முன்பே வந்து, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேடம் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். வந்தார். எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பகடைப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அண்ணன் எழுந்து நின்றான். கதை தொடங்கும்போது எழுந்து நிற்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதீங்க" என்றான்.

அவ்வளவுதான். ராஜாவும் இல்லை, அரக்கனும் இல்லை, சத்திரக்காரனும் இல்லை. கரகரத்த, கட்டையான, அவனுடைய சொந்தக் குரல்.

கண்ணாடி மேடம் குனிந்து பையின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை காலையிலேயே சரின்னு சொல்லிட்டேன்" என்றார். "இங்க என் இடத்துக்கு ஆளும் போட்டாச்சு. புதுப் பொண்ணு வந்து பழகிட்டிருக்கு."

"அன்னிக்கு போட்டது தப்பு" என்றான் அண்ணன். "அது செல்லாது. மறுபடி போட்டுடலாம்."

லிப்ட் மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். செல்லும் என்று தீர்ப்பான பிறகு நீதிபதி வாயிலிருந்து 'மறுபடி போடலாம்' என்ற சொல் வந்து அந்த மேஜை கேட்டதில்லை.

"இத்தனை வருஷமா, செல்லும்னு தீர்ப்புச் சொன்னப்புறம் யாரையாவது மறுபடி போட விட்டிருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார். அப்போதுதான் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. "நீங்க டைஸ் எடுத்தப்ப எனக்குக் கோபமே வரல. உங்களுக்குப் பேச வராதுன்னு எனக்குத் தெரியும். அதான், சரி போடட்டும்னு விட்டேன். நாலு விழுந்தப்பகூட நான் நம்பல. சாய்ஞ்சிருக்குன்னு எல்லாரும் கத்தினாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா போதும். நீங்க இன்னொரு டைஸை எடுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, விழாம மேல வச்சீங்க பாருங்க... அப்பதான் நம்பினேன். நான் போறதுதான் உங்களுக்கு விருப்பம்னு."

அண்ணன் மேஜையைப் பிடித்தபடியே நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்து சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அம்மா செத்தபோதுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கையில் இருந்த டீத் தட்டால் நாலு வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அந்த ஊருக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"உங்களைப் பாக்க."

மேடம் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். அது எப்போதும்போலப் புடைத்துக்கொண்டிருந்தது. "அதுக்கும் போட்டுப் பாக்கணுமா?" என்றார்.

"வேணாம்" என்றான் அண்ணன். "வரேன். நாளைக்கே வரேன். காலையில முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடறேன்."

மேடத்துக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு அங்க போய் யாரைப் பாப்பீங்க?" என்று கேட்டார். "நான் அடுத்த மாசம்தான் போறேன்."

அடுத்த மாதம்! அது வரைக்கும் அந்த மனுஷி எதிர்வரிசையில்தான் இருக்கப் போகிறார். எப்போது கிளம்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான் என் அண்ணன்.